மூன்று சபைக்கு ஒரு வேன்

வேன் ஓட்டுகிறவனுக்குக் காது இரண்டும் முதுகில்தான் இருக்கும். பின்சீட்டில் நடக்கிற கல்யாணப் பேச்சு, மாமியார் கதை, வியாதி விவரம் எல்லாம் முதுகு வழியாகத்தான் உள்ளே வரும். வாய் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டுகிற சகோதரர்களுக்கு இந்தக் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கிழமை நாளில் எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள். யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற எங்கள் றப்பர் தோட்டத்திலிருந்து ஞாயிறு காலையில் டவுனுக்கு பஸ் கிடையாது. தோட்டத்தில் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர் ஐந்து பேர், அங்கிலிக்கன் சபைக்காரர் இரண்டு பேர், பெந்தெகொஸ்தே சபைக்காரர் ஆறு பேர். எந்தச் சபையும் தனியாக ஒரு வேனை நிரப்பாது. மூன்றும் சேர்ந்தால் சரியாக நிரம்பும். இப்படித்தான் எங்கள் தோட்டத்தில் சபைகள் ஒன்றுசேர்ந்தன. நான் சைவம். டேஷ்போர்டில் பிள்ளையார் இருக்கிறார். அவர் இதுவரை எதுவும் சொன்னதில்லை.

மூன்று ஜெபம்

டவுனுக்கு ஓடுவதற்கு இருபத்தைந்து நிமிடம். கிளம்புவதற்கு அதில் பாதி. சாவியைத் திருகுமுன் நான் பிள்ளையாருக்கு ஓர் ஊதுபத்தி கொளுத்துவேன். கத்தோலிக்கர்கள் நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். அது ஒரு மூச்சு நேரம். அங்கிலிக்கன் ஞானமுத்து மாஸ்டரும் அவர் மனைவியும் கண்ணை மூடித் திறப்பார்கள். அதுவும் அவ்வளவுதான். பிறகு கடைசி வரிசையில் சாமுவேல் கையைத் தூக்குவான்.

சாமுவேல் என்னோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவன். இருபத்திரண்டு வயது வரைக்கும் அவன் மகேந்திரன். தோட்டத்துத் திருவிழாவில் எனக்குப் பக்கத்தில் காவடி எடுத்தவன். ஒரு நாள் பாஸ்டரோடு ஆற்றில் இறங்கி முழுகி, சாமுவேலாக ஏறி வந்தான். பெயர் மாறினாலும் என்னை மச்சான் என்பதை மாற்றவில்லை. அவன் ஜெபம் சத்தமாக இருக்கும், விவரமாகவும் இருக்கும். நாலு டயரையும் தனித்தனியாக ஆண்டவரிடம் ஒப்படைப்பான். பிரேக், ஸ்டீயரிங், எதிரே வரும் லொறி, அந்த லொறிக்காரனுடைய தூக்கம், என் கண், என் முழங்கால் எதையும் விடமாட்டான். கேட்கக் கேட்க எனக்கே வேனை எடுக்கப் பயமாக இருக்கும்.

மூன்றாவது வரிசை ஜன்னலோரம் லூர்தக்கா. றப்பர் பால் வெட்டுகிறவர், நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் கட்டவில்லை. தாயும் தகப்பனும் போன பிறகு தங்கச்சி ஸ்டெல்லாவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அந்த ஸ்டெல்லா சாமுவேலைக் கட்டிக்கொண்டு பெந்தெகொஸ்தே பக்கம் போய்விட்டாள். அதனால் அக்கா மூன்றாவது வரிசை, தங்கச்சி கடைசி வரிசை. ஒரு ஞாயிறு, தங்கச்சி புருஷன் ஆமென் சொல்லி முடித்ததும் லூர்தக்கா திரும்பாமலே என்னிடம் சொன்னார்:

"எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட குடுத்தாச்சுன்னு நீங்க தூங்கிராதீங்க தம்பி. அவருக்கு வேற வேனும் இருக்கு."

பாட்டு

முதல் மாதம் பென்ட்ரைவால் வந்த சண்டை. மாதா பாட்டுப் போட்டால் கடைசி வரிசை ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். கைதட்டுப் பாட்டுப் போட்டால் மூன்றாவது வரிசை இருமும். முருகன் பாட்டு நான் போடவே இல்லை; அது என் வீட்டு நாகரிகம். ஞானமுத்து மாஸ்டர் ஓர் ஓர்கன் இசை கொண்டுவந்து தந்தார். அதைக் கேட்டு இரண்டு வளைவுக்குள் எனக்கே கண் சொக்கியது.

கடைசியில் ரேடியோவைத் திருப்பினேன். சிங்களக் காதல் பாட்டு ஒன்று வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சரணத்தில் முதுகுப் பக்கம் ஒரு முனகல். கண்ணாடியில் பார்த்தேன். மூன்று சபையும் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தது; எல்லாருக்கும் வரி மனப்பாடம். பாட்டு முடிகிற நேரம் சாமுவேல் முன்னால் குனிந்தான்:

"இது உலகப் பாட்டு மச்சான், கேக்கக் கூடாது. சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."

நடுவில் இருப்பவர்

ஞானமுத்து மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, பென்ஷனுக்குப் பிறகும் போகாமல் இருந்துவிட்டார். முன்சீட் அவருடையது. குடையும் ஜெபப் புத்தகமும் மடியில்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், உங்கள் சபை எந்தப் பக்கம் என்று. கத்தோலிக்கர்கள் அவரை வேதம் பிரிந்தவர் என்கிறார்கள். பெந்தெகொஸ்தேக்காரர்கள் அவருடைய கோயில் மெழுகுதிரியைப் பார்த்துவிட்டு, இவரும் கத்தோலிக்கர்தான் என்கிறார்கள். மாஸ்டர் குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"நாங்கள் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர் தம்பி. அதாலைதான் ரெண்டு பக்கமும் எங்களை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மறந்து போறது."

குருத்தோலை

குருத்தோலை ஞாயிறு என்று ஒரு ஞாயிறு வரும். கத்தோலிக்கர்களும் அங்கிலிக்கன்காரர்களும் தென்னங்குருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். பெந்தெகொஸ்தே சபையில் அது இல்லை. ஆனால் எங்கள் பக்கம் எல்லாம் றப்பர் மரம். குருத்து வெட்டத் தோதான தென்னை தோட்டத்தில் ஒன்றுதான், அதுவும் சாமுவேல் வீட்டுக்குப் பின்னால். அதில் ஏறத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

முந்தின நாள் பின்னேரம் லூர்தக்கா மரத்தடியில் வந்து நின்றார். கேட்கவில்லை, மரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். சாமுவேல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். ஏழு பேருக்கு ஏழு குருத்து. நிறைமாதமாக இருந்த ஸ்டெல்லா கீழே நின்று பொறுக்கினாள். மறுநாள் வேன் முழுக்கப் பச்சை வாசம். பெந்தெகொஸ்தே ஆள் ஒருவர், பிரதர் நீங்க இதெல்லாம் செய்யலாமா என்று கேட்டார். சாமுவேல் முழங்கை சிராய்ப்பைத் தடவிக்கொண்டு சொன்னான்:

"நான் மரத்துலதான் ஏறினேன் பிரதர். ஊர்வலத்துல ஏறல."

படிக்கட்டு

பூசை எட்டே முக்காலுக்கு முடியும். அங்கிலிக்கன் ஆராதனை பத்துக்கு முடியும். பெந்தெகொஸ்தே சபை எப்போது முடியும் என்று ஆண்டவருக்கும் பாஸ்டருக்கும்தான் தெரியும். சில சமயம் பாஸ்டருக்குத் தெரியாது. அதுவரைக்கும் வேன் காத்திருக்க வேண்டும். கத்தோலிக்கர்கள் கடைக்குப் போவார்கள். மாஸ்டர் பேப்பர் படிப்பார். நான் பன்சலைக்கு, அதாவது புத்த கோயிலுக்கு, பக்கத்துப் பைப்பில் போத்தலுக்குத் தண்ணீர் பிடிப்பேன். பழைய வேன், ரேடியேட்டர் குடிகாரன்.

பெந்தெகொஸ்தே சபை ஓர் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடி. வெளியே சிமெந்துப் படிக்கட்டு. லூர்தக்கா பூசை முடிந்ததும் நேரே அங்கே வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு கையில் செபமாலை, ஒரு கையில் ஃபிளாஸ்க். மேலே டிரம் அடிப்பார்கள். கீழே அக்கா மணி உருட்டுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா இறங்கி வந்ததும் ஃபிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். தங்கச்சி குடித்து முடிக்கிற வரைக்கும் அக்கா அவள் கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மழை நாளொன்றில், மேலே போய்த்தான் உட்காருங்களேன் அக்கா, ஃபாதர் ஏசுவாரா என்று கேட்டேன். அக்கா முந்தானையால் ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டார்.

"ஃபாதர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு தம்பி. அவ கையத் தூக்கிப் பாடுறதப் பாத்தா எனக்குத்தான் அழுக வந்துரும்."

சத்தியம்

ஆண் பிள்ளை பிறந்தது. டேனியல் என்று பெயர். அந்தப் பெயரில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு தண்ணீரில் வந்தது.

கத்தோலிக்கர்கள் பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அது இல்லாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பது லூர்தக்காவின் பயம். அவருடைய தாய்க்கு, ஸ்டெல்லாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து, தண்ணீர் ஊற்றுமுன் இறந்திருக்கிறது. தாய் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதாராம். பெந்தெகொஸ்தே சபையில் அப்படி இல்லை. பிள்ளை வளர்ந்து, விளங்கி, தானாகக் கேட்டுத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

ஒரு ஞாயிறு வேன் புறப்படுமுன் இந்தச் சண்டை நடந்தது. நான் இஞ்சினை ஓஃப் பண்ணினேன். சாமுவேல் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அக்கா, எனக்கு மொட்ட போட்டது எங்கப்பா. காது குத்துனது எங்க மாமா. காவடி தூக்கி வச்சது கோயில் கமிட்டி. யாரும் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஆத்துல இறங்கின அன்னைக்குத்தான் நானா ஒண்ணு செஞ்சேன். என் மகனுக்கும் அந்த நாள் வேணும். அத நீங்க எடுத்துறாதீங்க" என்றான். லூர்தக்கா செபமாலையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"என் கையால ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேன். இதுமேல சத்தியம். போதுமா?"

தண்ணீர் ஏறிய ரோடு

பிள்ளைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. நாலு நாள் விடாத மழை, பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பகல், லூர்தக்கா தலையில் ஒரு உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார். பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. சாமுவேல் வேலைக்கு அவிசாவளைக்குப் போனவன். வெள்ளத்தில் அந்தப் பக்கமே நின்றுவிட்டான். போன் அடித்தால் எடுபடவில்லை.

வேனில் நான், லூர்தக்கா, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி ஸ்டெல்லா. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ரோட்டைக் காணவில்லை. ஆறு ஏறியிருந்தது. மழைக்கோட்டுப் போட்ட ஒரு சிங்கள ஆள் கையை விரித்து நிறுத்தினார். "மல்லி, யன்ன பே" என்றார். போக முடியாது, தம்பி. உள்ளே குனிந்து பிள்ளையைப் பார்த்தார். அடுத்த நிமிடம் டிரக்டர் கொண்டுவரத் தண்ணீருக்குள் இறங்கி ஓடினார்.

காத்திருந்தோம். பிள்ளை அழுதுகொண்டிருந்த வரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது. பிறகு அழுகை நின்றது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போனது. லூர்தக்கா என் தோளைப் பிடித்தார். "தம்பி, நீங்க ஊத்துங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, நான் சைவம் அக்கா என்றேன். "யாரு வேணாலும் ஊத்தலாம். சாகக் கெடக்கிற பிள்ளைக்கு வேதக்காரங்கதான் ஊத்தணும்னு இல்லன்னு ஞானோபதேசத்துலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. மனசு இருந்தாப் போதும். நான் சத்தியம் பண்ணிட்டேன் தம்பி. என் கை கட்டிக் கெடக்கு."

எனக்குச் சாமுவேலின் முகம் வந்தது. என் மகனுக்கும் அந்த நாள் வேணும் என்று சொன்ன முகம். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் நான் போத்தலைத் தொட்டிருக்க மாட்டேன். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை. பிள்ளையின் கம்பளித் தொப்பியை மெதுவாகக் கழற்றினாள்.

சீட்டுக்கு அடியில் ரேடியேட்டர் தண்ணிப் போத்தல் இருந்தது. அதன் மூடியில் ஊற்றி, மூன்று தரம் அந்தச் சின்னத் தலையில் விட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று லூர்தக்கா சொல்லச் சொல்ல நான் சொன்னேன். இருபது வருடம் ஸ்டீயரிங் பிடித்த கை, ஒரு மூடித் தண்ணீரைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. குளிர் பட்டதும் பிள்ளை திடுக்கிட்டுக் கத்தியது. அதே நேரம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் டிரக்டர் சத்தம். லூர்தக்கா மண்டியிடப் போனார். சீட்டுக்கு நடுவில் இடம் இல்லை. ஸ்டெல்லா அழுதுகொண்டே அக்காவைப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினாள்:

"தலயத் தொடைங்கக்கா, பிள்ளைக்குச் சளி கூடிரும்."

மூன்று வாசல்

டிரக்டரில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். ஒன்பதாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். டொக்டர்மார் நன்றாகப் பார்த்திருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் சாமுவேல்தான். வேனில் ஏறும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்தான். என்னால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவனுக்குத் தெரியாத ஒன்று அவன் மகனின் தலையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு மூன்று வாசலிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. கத்தோலிக்க ஃபாதர் கேட்டார், "மனசார ஊத்துனீங்களா?" கை நடுங்கிச்சு ஃபாதர் என்றேன். "அப்ப மனசாரத்தான். அது செல்லும்" என்றார். அங்கிலிக்கன் போதகர் முதலில் தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்டார். பன்சலைப் பக்கத்துப் பைப்பில் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "செல்லும்னுதான் நெனைக்கிறேன். ஆனா இத நான் பிஷப்புக்கு எழுதிக் கேட்டா, பதில் வாறதுக்குள்ள பிள்ளைக்கு மீசை மொளைச்சிரும்" என்றார்.

பெந்தெகொஸ்தே பாஸ்டர் படிக்கட்டில் நின்று, நான் சொன்னதை முழுதும் கேட்டார். அது ஞானஸ்நானம் இல்லை, பிள்ளைக்கு விசுவாசம் விளங்காத வயது என்று பொறுமையாக விளக்கினார். விளக்கிவிட்டு நாலு படி ஏறியவர், நின்று, திரும்பி இறங்கி வந்தார்.

"ஞானஸ்நானம் இல்ல தம்பி. ஆனா அது ஜெபம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நான் இப்பிடிச் சொன்னேன்னு மேல யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

ஹோர்ன்

ஸ்டெல்லா புருஷனிடம் மறைக்கவில்லை. சொல்லிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு சாமுவேல் வீட்டுக்குத் திரும்புகிற முடக்கில் ஆள் இல்லை. வேன் முதல்தடவையாக நாலு டயருக்கும் ஜெபம் இல்லாமல் கிளம்பியது. இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். லூர்தக்கா வழக்கம்போல ஃபிளாஸ்க்கோடு கடைசிப் படியில் உட்கார்ந்தார். மேலே பாட்டு முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். இறங்க வேண்டியவள் வரவில்லை. அக்கா தேத்தண்ணியை யாருக்கும் கொடுக்கவில்லை, கொட்டவுமில்லை. அப்படியே மூடித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். தங்கச்சி வீட்டுக்குப் போனீங்களா என்று கேட்டேன். "கதவு தொறந்துதான் இருந்துச்சு. எனக்குத்தான் கால் வரல" என்றார்.

மூன்றாம் ஞாயிறு நான் அந்த முடக்கில் நிறுத்தாமல் போகப் பார்த்தேன். வெட்கம்தான். ஒரு கூட்டாளியின் வீட்டுக்குள் அவன் இல்லாத நேரம் புகுந்து எதையோ எடுத்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது. ஞானமுத்து மாஸ்டர் குடையால் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டினார். நிறுத்தினேன். ஒரு தரம் ஹோர்ன் அடித்தேன். ஐந்து நிமிடம் நின்றோம். பின்னால் யாரோ, நேரமாகுது என்று முணுமுணுத்தார்கள். மாஸ்டர் பள்ளிக்கூடத்துக் குரலில், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"வாறதும் வராததும் அவையின்ரை விருப்பம். நிப்பாட்டிறது எங்கடை கடமை. ஆருக்கு அவசரமோ அவை இறங்கி நடக்கலாம்."

நாலாம் ஞாயிறு

ஹோர்ன் அடிக்குமுன்னே முடக்கில் நின்றார்கள். சாமுவேல் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஸ்டெல்லா கையில் டேனியல், புதுத் தொப்பியோடு. லூர்தக்கா ஜன்னலுக்கு வெளியே றப்பர் மரங்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமுவேல் கையைத் தூக்கினான். டயர், பிரேக், லொறிக்காரன் தூக்கம் எல்லாம் வந்தது. என் பெயர் மட்டும் வரவில்லை.

அன்றைக்குப் பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும் என்று சாமுவேல் குடும்பம் சபைக்குள் நேரே போகாமல் கீழேயே நின்றது. பூசை முடிந்து லூர்தக்கா வந்தபோதுதான் அது பிள்ளைக்காக இல்லை, அக்காவுக்காக என்று எனக்கு விளங்கியது. அவர் கடைசிப் படியில் உட்காரப் போனார். சாமுவேல் போய் முன்னால் நின்றான். "அக்கா, இன்னைக்குப் பிள்ளைய சபையில ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கிறோம். பாஸ்டர் கையில ஏந்தி ஜெபம் பண்ணுவாரு. தண்ணி இல்ல. பிள்ளையக் கொண்டுபோய் அவர் கையில குடுக்க ஒருத்தர் வேணும்." அக்கா மேல்மாடியை அண்ணாந்து பார்த்தார். "அழுக வந்தா அழுங்க. மேல எல்லாரும் அழுவாங்க, யாருக்கும் தெரியாது" என்றான். ஸ்டெல்லா பிள்ளையை நீட்டினாள்.

லூர்தக்கா ஃபிளாஸ்க்கைப் படியில் வைத்தார். செபமாலையை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, "வச்சிருங்க தம்பி" என்று தந்தார். அதை நான் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, தங்கச்சி முன்னால், அக்கா பின்னால், மேலே போனார்கள்.

சாமுவேல் போகவில்லை. என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாஸ்டர்கிட்ட கேட்டிருக்க. ஃபாதர்கிட்ட கேட்டிருக்க. மாஸ்டரோட போதகர்கிட்டயும் கேட்டிருக்க. என்கிட்டதான்டா கேக்கல" என்றான். "அன்னைக்கு நீ பக்கத்துல இருந்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பியா?" என்று மட்டும் கேட்டேன். ஜன்னல் ரப்பரை நகத்தால் சுரண்டினான். "தெரியல மச்சான். அதான் இத்தன நாளா வரல. அவன் சாகக் கெடந்தப்போ பக்கத்துல இருந்தது நீ. நான் எங்கயோ தண்ணிக்கு அந்தப் பக்கம் நின்னு போனத் தட்டிக்கிட்டு இருந்தேன்."

மேலே பாட்டு நின்றது. பாஸ்டர் குரல் கேட்டது. அதற்கு நடுவில் ஒரு பெண்ணின் அழுகை, எனக்குத் தெரிந்த அழுகை. சாமுவேல் படியைப் பார்த்தான். இரண்டு படி தாவி ஏறிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அவன் பெரியவனாகி அவனாவே ஆத்துல இறங்குவான் மச்சான், நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அது வரைக்கும் நீ ஊத்துனது காயாம இருக்கட்டும்."

அன்றைக்கும் சபை முடிய ஒரு மணி தாண்டிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஹயர் எடுக்கிற சகோதரர்களுக்குச் சொல்கிறேன், சீட்டுக்கு அடியில் ஒரு போத்தல் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், யாராவது கேட்டால் ரேடியேட்டருக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.